ஏழு வரிப் பலகையும் நாலு வரிப் பலகையும்

விபத்து நடந்த அன்று சலவைக்கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகள், இஸ்திரி போடும் இருவர், வண்டி ஓட்டுநர், மேற்பார்வை பார்க்கும் என் தம்பி. முதலாளி வெளியூர் போயிருந்தார்.

வாக்குமூலம் வாங்குபவர்கள் என் பெயரைத் தனியே எழுதிக்கொண்டார்கள். வயது அறுபத்தெட்டு. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. சலவைக்கூடத்தின் பின்தெருவில் மகளோடும் பேத்தியோடும் குடியிருக்கிறேன். பத்தொன்பது வருடமாக அங்கே துணி மடிக்கிறேன்.

துணி பிழியும் இயந்திரம் பழையது. மூடிக்குப் பூட்டு கிடையாது. அதற்கு மேலே சுவரில், அதை இயக்கும் முறையை இங்கிலீஷில் சொல்லும் ஏழு வரிப் பலகை உண்டு. புதிதாகச் சேர்பவர் அதைப் பார்க்காமல் ஒப்பித்தால்தான் இயந்திரத்தில் கை வைக்க விடுவார்கள்.

போன மாதம் முதலாளி ஓர் இங்கிலீஷ் வாத்தியாரை அழைத்து வந்து பலகையைத் திருத்தச் சொன்னார். அவர், "ரிட்டர்ன் பேக்காம், ரிப்பீட் அகெய்னாம்! ஒண்ணையே ரெண்டு தடவை சொல்றாங்க" என்று சிரித்துக்கொண்டே அந்த இரண்டு வரியையும் அடித்தார். அது சரியாக இருக்கலாம். அதன் பிறகு, அணைத்ததும் உருளை முழுவதும் நிற்கும்வரை காத்திருக்கச் சொல்லும் வரியையும் அடித்தார். "அணைச்சா நின்னுடப் போவுது. இதுவும் கூறியது கூறல்தான்."

நான், "ஐயா, அணைச்சாலும் நூறு எண்ணுற வரைக்கும் சுத்தும்" என்றேன். தம்பி, "அக்கா, நீ துணிய மடி. படிச்சவர் பேசுறார்ல" என்றான்.

அதன் பிறகு நாலு வரிப் பலகை வந்தது. பத்து நாள் முன்பு வேலைக்குச் சேர்ந்த என் மகள் அதைத்தான் தம்பியிடம் தப்பில்லாமல் ஒப்பித்தாள். திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, ஒப்பித்தபடியே அணைத்தாள், மூடியைத் திறந்தாள், கையை விட்டாள். ஈரப் போர்வை கையைச் சுற்றி இழுத்தது. வலது கையில் மூன்று விரல் போயிற்று. ஓட்டுநர் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

அதன் பிறகு தம்பி சாமான் அறையிலிருந்து ஏழு வரிப் பலகையை எடுத்து வந்து, தூசியைத் துடைத்து, மாட்டினான். "அக்கா, அவதான் அவசரப்பட்டுட்டான்னு சொல்லிடு. நம்ம எல்லார் பொழப்பும் இங்கதான்" என்றான். அதன் பிறகு விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி சுவரைப் படித்துவிட்டு, தப்பு என் மகள் மேல் என்று எழுதினார். எனக்கு வாசிக்க வராது. வரியை எண்ண வரும். அழுக்குத் துணிக் குவியலுக்கடியில் பலகையை மாற்றி மாட்டிய தம்பி செருகிய நாலு வரிப் பலகையை இதோ போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே, உள்ளபடியே இருக்கிறது. பலகையை மாற்றி மாட்டியது யார் என்பது இரண்டு இடத்தில் வருகிறதே, ஒன்றை எடுத்துவிடலாமா என்று எழுத்தர் கேட்டார். இரண்டும் இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். வாத்தியார் தெரியாமல் அடித்தார், அவரை மன்னித்துவிட்டேன். தெரிந்து மாட்டியவனை மன்னிக்க மாட்டேன். மாட்டியது என் உடன்பிறந்த தம்பி.