மங்கலாத்தான் தெரியுது

— ...இல்ல மேடம், கேமராப் படம் இன்னிக்கும் அப்படியேதான். பால் ஊத்தின மாதிரி.

— கெட்டிப் பாலா, தண்ணிப் பாலா ஆர்வோ சார்?

— போன வாரம் கெட்டி. இன்னிக்குக் கொஞ்சம் தண்ணி கலந்திருக்கு.

— அப்ப முன்னேற்றம்தான்.

— ஒடெட் மேடம், வாடிக்கையாளர் சேவைன்னு பேரு வச்சிட்டு வாடிக்கையாளரையே கிண்டல் பண்றீங்க.

— சரி, சரி. லென்ஸ் மேல இருக்கிற குமிழைத் தொடைச்சுப் பாத்தீங்களா?

— தொடைச்சேன்.

— எதால?

— சட்டைக் கையால.

— கம்பளிச் சட்டையா? ஐயோ... கீறல் விழுமே!

— சுத்தியலால அடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— உடையாதுன்னு சொன்னேன். கீறாதுன்னு எப்ப சொன்னேன்?

— இது நல்லாருக்கே. உங்க ஊர்ல எல்லாருமே வக்கீலா?

— மாங்க்டன்ல பாதிப் பேர் போன்ல பேசற வேலைதான் சார். வக்கீல் மாதிரி பேசலைன்னா பொழைக்க முடியாது. இன்னிக்குக் குளிர் எப்படி அங்க?

— காலைல மைனஸ் முப்பத்தெட்டு.

— கேமரா மைனஸ் நாப்பது வரைக்கும் தாங்கும்.

— அது நல்லாத்தான் தாங்குது. எனக்குத்தான் முழங்கால் வலிக்குது. டிஷ் மேல இருந்த பனியைத் தட்டிட்டு வந்துதான் உங்களைக் கூப்பிடறேன். தட்டலைன்னா இந்த லைனும் கெடையாது.

— ஏணி மேல ஏறினீங்களா? தனியாவா?

— இல்ல, நரி வந்து ஏணியைப் பிடிச்சுது.

— சார்...

— வேற யாரு இருக்கா மேடம்? ஏரிக்கு இந்தப் பக்கம் மீன் பிடிக்க வர்றவங்களுக்குன்னு கட்டின பத்து மரவீடு. அக்டோபர்ல எல்லாம் பூட்டு. பூட்டாத வீட்டுல காவலுக்கு நான். பதினோரு குளிர்காலமா இதே கதைதான்.

— உங்க முதலாளி ஹார்லன் கூப்பிட்டாரா?

— கூப்பிடாம? அரிசோனா வெயில்ல, நீச்சல் குளத்துப் பக்கத்துல உக்காந்துட்டு. பின்னாடி யாரோ தொபுக்குன்னு தண்ணில குதிக்கிற சத்தம்கூடக் கேட்டுது. டிசம்பர்ல அவர் என்ன சொன்னாருன்னு சொன்னேன்ல உங்ககிட்ட?

— சொன்னீங்க.

— திரும்பச் சொல்றேன், கேளுங்க. "ஆர்வோ, அந்தக் கேமரா மட்டும் நல்லாத் தெரிஞ்சிட்டா, நான் இங்கேருந்தே எல்லாத்தையும் பாத்துக்குவேன். அடுத்த குளிர்காலம் நீ அங்க கஷ்டப்பட வேண்டாம்." கஷ்டப்பட வேண்டாமாம். என்ன ஒரு அக்கறை!

— வேண்டாம்னா... எங்க போவீங்க?

— தண்டர் பேல என் தங்கச்சி ஐலா இருக்கா. அவ வீட்டுல ஒரு சோபா இருக்கு. அந்த சோபாவுல ஏற்கெனவே ரெண்டு பூனை குடித்தனம் பண்ணுது.

— பூனையைக் கேட்டுப் பாத்தீங்களா?

— அதுங்க சம்மதிச்சாலும் ஐலா சம்மதிக்க மாட்டா. ...சரி, அதை விடுங்க. அட்டைப் பெட்டில ஒரு தாள் இருந்துதுல்ல, அதை இன்னிக்கும் ஒரு தடவை படிச்சேன்.

— தினமும் அதைத்தான் படிக்கிறீங்களா?

— இருக்கிற புத்தகத்தை எல்லாம் நவம்பர்லயே படிச்சு முடிச்சிட்டேன். இதுல என்ன போட்டிருக்குன்னா... நூறு டிகிரி அகலம் பாக்குமாம். இருட்டுல முப்பது மீட்டர் தூரம் தெரியுமாம். கரண்டும் படமும் ஒரே ஒயர்ல போகுமாம். மழை, தூசி, பனி எதுவும் உள்ள போகாதாம். இதை எல்லாம் பாத்தா எனக்கே தோணுது, நான் எதுக்கு?

— அதுக்குக் கை இல்லையே சார்.

— ஹார்லனுக்குக் கை வேண்டாம், கண்ணு போதும். பனி அள்ள டவுன்ல யாரையாவது மாசம் ரெண்டு தடவை அனுப்பிடுவாராம். ...ஆமா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உள்ள மைக் இருக்குன்னு போட்டிருக்கே. அது கீழ நின்னு பேசினா பதியுமா?

— பதியும். வேணாம்னா அணைச்சு வைக்கலாம்.

— இல்ல, இல்ல. இருக்கட்டும். சும்மா கேட்டேன்.

— என்ன பேசுவீங்க?

— கதவு போல்ட்டைத் திட்டுவேன். தொண்டை அடைச்சுப் போயிருக்கான்னு பாக்க காலைல ஒரு வார்த்தை சொல்லிப் பாப்பேன். ஏன்... நீங்க எதுவும் கேட்டீங்களா?

— நான் எப்படிக் கேக்க முடியும்? பாஸ்வேர்டு வாங்கி உள்ள வந்து பாத்தது முதல் நாள் மட்டும்தானே.

— ஆமால்ல. ...என்ன அது, விசில் சத்தம்?

— எது?

— கெட்டில் மாதிரி இருக்கு.

— ஆஃபீஸ் கிச்சன்ல யாரோ தண்ணி வச்சிட்டு மறந்துட்டாங்க. ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, மேலதிகாரிகிட்ட உங்க விஷயத்தைக் கேட்டுட்டு வந்துடறேன்.

— இருக்கேன்... எங்க போகப் போறேன்... போங்க...

— ம், வந்துட்டேன். சொல்லுங்க.

— விசில் நின்னுருச்சு.

— அவங்க வந்து எடுத்துட்டாங்க.

— மேடம், முன்னாடி எல்லாம் காத்திருக்கச் சொன்னா ஒரு பியானோ வரும். சகிக்காது. ஆனா எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. சௌனா நீராவி அறைல உக்காந்துட்டு அதை முனகுவேன். இப்ப எல்லாம் ஒண்ணும் வரதில்லையே?

— செலவைக் குறைக்கிறாங்க சார்.

— பியானோவுக்கா?

— எல்லாத்துக்கும்.

— ம். மேலதிகாரி என்ன சொன்னார்?

— வெளிச்சம் எதிர்ல அடிக்குதான்னு பாக்கச் சொன்னார்.

— சனிக்கிழமையும் அதையேதான் சொன்னார்.

— அவருக்கு வேற எதுவும் தெரியாது. ...ஆர்வோ சார், ஒரு லெட்டர் கேட்டிருந்தீங்களே. இந்த மாடல் உங்க இடத்துக்கு ஒத்து வராதுன்னு கம்பெனி பேருல.

— ஓ, அதுவா.

— இன்னிக்குத் தர்றதாச் சொல்லியிருந்தேன்.

— அது கிடக்கட்டும் மேடம். அவசரம் இல்ல.

— அவசரம் இல்லையா? போன வாரம் அவ்வளவு கெஞ்சினீங்க. வியாழக்கிழமைக்குள்ள வேணும், ஹார்லன் டவுன்லேருந்து ஒரு பையனை ஏரி மேல ஸ்கிடூ பனிவண்டில அனுப்பறார், அவன் வர்றதுக்கு முன்னாடி வேணும்னு சொன்னீங்களே.

— சொன்னேன். ...ஐஸ் இன்னும் சரியாக் கெட்டிப்படல. அவன் எங்க வரப் போறான்? உங்களுக்கு முடியறப்ப எழுதுங்க.

— மைனஸ் முப்பத்தெட்டுல கெட்டிப்படலையா?

— ...நீரோட்டம் இருக்கிற ஏரி மேடம். அப்படித்தான்.

— சார், நான் ஒரு கேள்வி கேக்கவா?

— கேளுங்க. அதுக்குத்தானே சம்பளம்.

— புதுசா பெட்டியைப் பிரிச்சப்ப அந்தக் குமிழ் மேல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கீறல் விழாம இருக்க. மாட்டினப்பறம் அதை உரிச்சுடணும். உரிக்கலைன்னா பகல்ல பால் மாதிரி தெரியும். ராத்திரில வெறும் வெள்ளை.

— ...அப்படியா?

— டிசம்பர்ல மாட்டினப்ப நீங்க அதை உரிச்சீங்களா?

— ...

— சார்?

— இருக்கேன்.

— உரிக்கலை.

— ஓரத்தைக் கொஞ்சம் நகத்தால தூக்கிப் பாத்தேன். பளிச்சுன்னு தெரிஞ்சுது. திரும்ப அழுத்தி ஒட்டிட்டேன். ...சிரிக்கிறீங்களா?

— இல்ல.

— எழுபது வயசுக்காரன் பண்ற வேலையான்னு தோணும். எனக்கே தோணுச்சு. ஆனா மேடம், இதை மொதல் நாளே நீங்க கேட்டிருக்கலாமே?

— கேட்டிருக்கலாம்.

— எல்லாரையும் கேப்பீங்களா?

— எல்லார்கிட்டயும் முதல்ல கேக்கற கேள்வியே அதுதான். உங்ககிட்ட மட்டும் கேக்கல.

— ஏன்?

— கேட்டா அன்னிக்கே சரியாயிடுமே... அப்புறம் நீங்க கூப்பிட மாட்டீங்க. ...ஆர்வோ சார், அந்த லெட்டரை நான் எழுத முடியாது.

— மேலதிகாரி விடலையா?

— மேலதிகாரின்னு யாரும் இல்ல.

— வெளில போயிருக்காரா?

— இல்லவே இல்ல. எங்க பிரிவையே மூடிட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. எல்லாரையும் ஒரு ஹால்ல உக்கார வச்சு, ஆளுக்கு ஒரு கேக் துண்டு குடுத்து, ஹெட்செட்டைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. இப்ப அந்த நம்பருக்குக் கூப்பிட்டா ஏதோ இயந்திரம் பேசும்.

— இப்ப நான் பேசிட்டிருக்கிறது?

— அன்னிக்கு நீங்கதான் என்னோட கடைசிக் கால். நேரடி நம்பர்னு சொல்லி ஒண்ணு குடுத்தேன் இல்லையா... அது என் வீட்டு நம்பர். போன் என் கிச்சன் சுவர்ல தொங்குது.

— அப்ப விசில்...

— என் கெட்டில்தான்.

— ஒரு நாள் நாய் குலைச்சுதே? பக்கத்து டெஸ்க் பொண்ணோடதுன்னீங்க.

— மாடி வீட்டு நாய்.

— காத்திருக்கச் சொல்லிட்டு என்ன பண்ணுவீங்க?

— போனை மேஜைல வச்சிட்டு நிப்பேன். ஒரு முப்பது வரைக்கும் எண்ணுவேன். பாட்டுப் பாடலாமான்னு ஒரு நாள் தோணுச்சு.

— பாடாததே நல்லது. ...இல்ல மேடம், இது நியாயமில்ல. நான் ஒரு கம்பெனிகிட்ட லெட்டர் கேட்டுட்டு இருக்கேன்னு நெனச்சேன். அதை நம்பித்தான் ஹார்லன்கிட்ட "பொறுங்க, லெட்டர் வருது, பாருங்க"ன்னு சொல்லிட்டிருந்தேன். என் கூரை போற விஷயம் உங்களுக்கு விளையாட்டா?

— விளையாட்டு இல்ல.

— வேற என்ன?

— ஒன்பது வருஷம் சார். ஒரு நாளைக்கு அம்பது பேர் என்னைத் திட்டுவாங்க. படம் வரல, சத்தம் வரல, நீ எல்லாம் ஒரு ஆளான்னு. சாயந்தரம் பஸ்ல வர்றப்ப காது வலிக்கும். யாராவது பேசாம இருந்தாப் போதும்னு இருக்கும். ஒரே நாள்ல நின்னுருச்சு. மறுநாள் காலைல எந்திரிச்சு டீ போட்டேன். மத்தியானம் சூப் வச்சேன். சாயந்தரம் கடைல ஒரு பொண்ணு பை வேணுமான்னு கேட்டா. வேணாம்னு சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் அன்னிக்கு முழுக்க.

— பிள்ளைங்க?

— ஒரு பையன். கால்கரில. ஞாயித்துக்கிழமை மெசேஜ் அனுப்புவான். கட்டைவிரல் படம். ...நான் கடைக்குப் போன மறுநாள் நீங்க கூப்பிட்டீங்க. பால் மாதிரி தெரியுதுன்னீங்க. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். "சொல்லுங்க சார், எப்படி உதவலாம்"னு வந்துருச்சு.

— ம்.

— திட்டுங்க. பழக்கம்தான்.

— திட்டற மாதிரி இருந்தா பரவால்ல. ...அந்த சூப் என்ன சூப்?

— ஃப்ரிகோ. கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு, எங்க ஊர்ப் பக்குவம். ஒரு ஆளுக்கு வைக்க எனக்கு இன்னும் வரல. நாலு நாள் அதையே சாப்பிடறேன்.

— எனக்கும் அப்படித்தான். பட்டாணி சூப். கெட்டியாகிக் கத்தியால வெட்டற மாதிரி ஆயிடும்.

— ...லெட்டர் இல்லாம இப்ப என்ன பண்ணப் போறீங்க சார்? அதைத்தான் யோசிச்சிட்டே இருக்கேன். வேணும்னா நானே ஹார்லனைக் கூப்பிட்டுப் பேசட்டுமா? ஒன்பது வருஷம் இந்த வேலை பாத்தவள்னு சொல்லி...

— வேண்டாம் மேடம்.

— சும்மா பேசிப் பாக்கறேனே...

— வேண்டாம்னு சொல்றேன்ல. அந்தப் பையன் நேத்தே வந்துட்டான்.

— நேத்தேவா?

— ஐஸ் எல்லாம் நல்லாக் கெட்டியா இருக்கு. லாரியே ஓட்டலாம். வந்தான். ஏணியைப் போட்டான், ஒரு இழுப்பு, தாள் கையோட வந்துருச்சு. "தாத்தா, இதை உரிக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"ன்னு கேட்டான். தெரியாதுன்னு சொன்னேன். காபி குடுத்தேன். நல்ல பையன்தான். சாயந்தரமே ஹார்லன் கூப்பிட்டார். படம் பிரமாதமா இருக்காம். மே மாசம் ஏரி உருகினதும் சாவியைப் படகுக்காரன்கிட்ட குடுத்துட்டுப் போயிடச் சொன்னார். "பதினோரு வருஷத்துக்கு நன்றி"ன்னும் சொன்னார்.

— அப்ப இன்னிக்கு எதுக்கு...

— என்ன எதுக்கு?

— கூப்பிட்டதும் மங்கலாத்தான் தெரியுதுன்னு சொன்னீங்களே.

— வேற என்ன சொல்லிக் கூப்பிடறது? நல்லாத் தெரியுதுன்னு சொன்னா நீங்க "நன்றி சார், வேற ஏதாவது உதவி வேணுமா"ன்னு கேட்டுட்டு வச்சிடுவீங்க. எல்லாக் கம்பெனிலயும் அப்படித்தானே? இது கம்பெனி இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்... ஒடெட்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன் ஆர்வோ. ...உங்க பாஸ்வேர்டை நான் அழிக்கவே இல்ல. டிசம்பர்லேருந்து தினமும் காலைல உங்க கேமராவைத் தொறந்து பாப்பேன். ஒரே வெள்ளை, அதுல கறுப்பா ஒண்ணு குனிஞ்சு நிமிர்ந்து பனி அள்ளிட்டே போகும். அது திரும்பி வந்தப்பறம்தான் டீ போடுவேன். இன்னிக்குக் காலைல தொறந்தேன்... உங்க தொப்பி சிவப்பு.