இரண்டாகப் பிரித்த வெளிச்சம்

பிளேன்ரீக்குச் சீனி கொஞ்சம் கூடிவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. கதிர்காமநாதனும் இப்படித்தான் குடிப்பார். அவருடைய தேநீரில் எறும்பு விழுந்தால் வெளியே வர மனமிருக்காது என்று நான் பகிடி பண்ணுவதுண்டு.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டது ஒரேயொரு கேள்வி. கிணற்றுக்குள் புகை நிற்பது எனக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று கேட்டீர்கள். விசுவமடுவில் வேறு ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. கதிர்காமநாதனின் மைத்துனன் பாலனைக் கிணற்றுக்குள் இறங்கவிடாமல் பிடித்துக் காப்பாற்றியவன் என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பதில் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் என் வேலை என்னவென்று விளங்காமல் எழுதினால் என் வாக்குமூலம் அரைகுறையாக இருக்கும். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

நான் குளத்துத் தண்ணீரில் இருக்கும் மிகச் சிறிய உயிர்களைப் படம் பிடிப்பவன். லண்டனில் நான் படித்த ஆய்வுகூடம் இரவலாகத் தந்த லேசர் குழாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. இந்த நாட்டில் வேறு யாரிடமும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. அதிலிருந்து ஊசி போல ஒரு சிவப்பு வெளிச்சம் வரும். பாதி வெள்ளி பூசிய கண்ணாடி ஒன்றால் அதை இரண்டாகப் பிரிப்பேன். ஒரு பாதி தண்ணீர்த் துளிக்குள் புகுந்து, அங்கே கிடக்கும் பூச்சியைத் தொட்டுக்கொண்டு வரும். மற்றப் பாதி எதையும் தொடாமல் சுற்றி வரும். இரண்டும் திரும்ப ஒரு படத்தட்டில் சந்திக்க வேண்டும். கழுவிப் பார்த்தால் தட்டில் சாம்பல் பூசியது போல இருக்கும், வேறொன்றும் தெரியாது. அதே சிவப்பு வெளிச்சத்தை மறுபடி தட்டின் மேல் விட்டால், கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பூச்சி முழு உருவத்தோடு வந்து நிற்கும். தலையைச் சரித்தால் அதன் முதுகுப்பக்கத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். நுணுக்குக்காட்டியால் ஒரு துளியின் ஓர் அடுக்கை மட்டும்தான் தெளிவாகப் பார்க்க முடியும். என் தட்டில் துளி முழுவதும் இருக்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தட்டு திறந்திருக்கும் ஒரு நிமிடமும் எதுவும் அசையக்கூடாது. தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்கு அசைந்தாலும் இரண்டு வெளிச்சமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது, படம் அழிந்துவிடும். உயிருள்ள பூச்சி நெளியும். அதனால் துளிக்குள் முதலில் கொஞ்சம் ஸ்பிரிட் விடுவேன். அது ஒரு துன்பமும் படாது என்றுதான் நினைக்கிறேன்.

அதனால்தான் இந்த வன்னிக்கு வந்தேன். றெயில் இல்லை, பெரிய றோட்டு இல்லை. குளம் கட்டியவர்கள் விட்டுப்போன சீமெந்துக் களஞ்சியம் ஒன்று காட்டோரம் கிடந்தது. தகரக் கூரை முழுக்க ஓட்டை. பகலில் தட்டை உறையிலிருந்து எடுத்தால் அந்த இடத்திலேயே கறுத்துப் போகும். ஆகவே பகலில் குளத்துத் தண்ணீர் அள்ளித் துளிகளைத் தயார் செய்வேன், பொழுது பட்டதும் படம் எடுப்பேன். சந்தடியில்லாத இடம் வேண்டும் என்று நானே தேடி வந்தவன். கிடைத்த பிறகு அதைக் குறை சொல்வது சரியில்லை. ஆனாலும் வந்த புதிதில் சில நாட்கள் என் குரல் எனக்கே மறந்துபோய், சும்மா இருமிப் பார்த்துக்கொள்வேன்.

கதிர்காமநாதன் பக்கத்துக் காணிக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்தவர். மனைவியையும் பிள்ளையையும் ஊரில் விட்டுவிட்டுத் தனியாகக் காடு வெட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலியால் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், தனியச் சமைச்சுத் தனியச் சாப்பிடுறதுக்கு ரெண்டு அடுப்பு எதுக்கு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஓர் அடுப்புத்தான் எரிந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அவர் இல்லாவிட்டால் என் வேலையே நடந்திருக்காது. என் பற்றரிகளைத் தன் மாட்டு வண்டியில் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவார். என் மேசை ஒரு கருங்கல் பலகை. நிலத்தின் அதிர்வு ஏறாமலிருக்க அதற்கடியில் காற்றடித்த ரியூப்புகள் வைக்க வேண்டும். பழைய டிரக்டர் ரியூப்புகளை எங்கோ தேடி உருட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான். பின்னேரம் சாப்பிட்டு முடிந்ததும் களஞ்சிய மூலையில் வைக்கோல் அடைத்த சாக்கின் மேல் இருப்பார். நான் தட்டைத் திறக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். நான் ஸ்டூலில், அவர் சாக்கில். அந்த ஒரு நிமிடம் முடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு விடுவோம், பிறகு காரணமில்லாமல் சிரிப்போம்.

முதல் நல்ல தட்டை அவருக்குத்தான் காட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார்.

"இது நுளம்புக் குஞ்செல்லே. ஏன் கையிலை பிடிபடுதில்லை?"

"அது செத்து ஒரு மாசம்."

"பிறகும் நிக்குதே, மாஸ்டர்." கையை வெளியே எடுத்தார். "என்ர மனுசி பத்மாவை ஒருக்கா இப்பிடி எடுத்து வைக்கேலாதோ?"

"சின்னச் சின்னப் பொருளுக்குத்தான் ஏலும்."

"அப்ப என்ர மாமிக்கு வாய்ப்பே இல்லை" என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார்.

போன வருடம் சிறுபோக அறுவடை முடிந்த கையோடு பத்மாசனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தா. அவவின் தம்பி பாலனும் வந்தான். அதே லொறியில் மிளகாய்த் தோட்டத்துக்கு ஓர் இறைப்பு மெசினும் வந்து இறங்கியது. நானும் ஒரு பக்கம் பிடித்து இறக்கினேன்.

பத்மாசனி நல்ல மனுசி. முதல் நாளே என்னைச் சாப்பிடக் கூப்பிட்டா. பாயின் ஓரத்தில் இருந்து சாப்பிட்டேன். எனக்குத் தெரியாத ஆட்களின் கலியாணங்களைப் பற்றி அவர்கள் கதைத்தார்கள். அதற்குப் பிறகு வரச் சொல்லிப் பலமுறை கேட்டும் நான் போகவில்லை. மூடிய கோப்பையில் புட்டு மட்டும் வேலியால் வரும். கதிர்காமநாதன் சாக்கில் இருக்க வருவது குறைந்தது, பிறகு நின்றுபோனது. அதில் தப்பொன்றும் இல்லை. குடும்பக்காரனுக்குப் பொழுது பட்டால் வீட்டில்தான் வேலை.

என்னுடைய சங்கடம் மெசின்தான். விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறும்வரை டக்டக்கென்று நிலத்துக்குள்ளால் அடிக்கும். அது வந்த நாளிலிருந்து என் தட்டுகள் ஒன்றும் சரிவரவில்லை. எதைக் கழுவினாலும் வெறும் சாம்பல். லண்டனுக்கு அனுப்ப ஒன்றுமில்லை. குழாயைத் திருப்பிக் கேட்டுவிட்டால் நான் இங்கே எதற்கு இருக்கிறேன் என்பதற்கே பதில் இல்லை. அந்த மெசினுக்கு ஒரு முடிவு காண வேண்டியிருந்தது.

கோடை முற்றிக் கிணறு கீழே போனதும் வழி தானாக வந்தது. "மாஸ்டர், மெசின் தண்ணியை இழுக்குதில்லை. நீங்கள் படிச்ச ஆள், ஒரு வழி சொல்லுங்கோ" என்று வேலியடிக்கு வந்தார். அவ்வளவு நாளைக்குப் பிறகு அவர் என்னைத் தேடி வந்தது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. தண்ணீரை மேலே இருந்து ஓர் அளவுக்கு மேல் உறிஞ்ச முடியாது, கிணற்றுக்குள் பாதியில் மரத்தட்டுக் கட்டி மெசினை அதில் இறக்கி வையுங்கள் என்றேன். இது சரியான ஆலோசனை. எந்தப் பொறியியலாளரையும் கேட்டுப் பாருங்கள். மெசின் கக்கும் புகை ஆழக் கிணற்றுக்குள் மேலே எழும்பாமல் தங்கும், புகைக்குழாயை மேலே எடுத்துவிட வேண்டும், புகை கலையுமுன் யாரும் இறங்கக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை. ஒரு பாதியைக் கொடுத்தேன், மற்றப் பாதியை வைத்துக்கொண்டேன்.

கிணற்றுக்குள் மரத்தட்டுக் கட்டி மெசினை இறக்கிய மறுநாள் காலையில், ஓடிக்கொண்டிருந்தது இடையில் நின்றது. நான் வேலியோரம் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கிணற்றுக் கட்டின்மேல் ஒரு காலை வைத்தபடி அவர் என்னைப் பார்த்தார்.

"நிண்டு போச்சு, மாஸ்டர். இறங்கிப் பாக்கட்டே?"

அவர் கேட்டார், ஐயா. கேட்காமல் இறங்கியிருக்கலாம்.

"ஓம், பாருங்கோ" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கிணற்றுக்குள் இருந்து ஒருமுறை என்னைக் கூப்பிட்டார். மனைவியை அல்ல, பாலனை அல்ல, "மாஸ்டர்" என்று. நான் அசையவில்லை. அசையாமல் இருப்பது எனக்குப் பழக்கமான காரியம். தோட்டத்திலிருந்து பாலன் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தபோதுதான் வேலியைத் தாண்டி அவனைக் கட்டிப் பிடித்து, "இறங்காதை தம்பி, புகை நிக்குது" என்று சொன்னேன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஓர் உயிரைக் காப்பாற்றியதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

செத்தவீட்டில் பத்மாசனி என் கையைப் பிடித்து, "அவருக்கு நீங்கள் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி" என்று அழுதா. நானும் அழுதேன். அது நடிப்பில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அழுததில்லை.

நீங்கள் பேனாவை ஏன் கீழே வைத்தீர்கள் என்று தெரிகிறது. "மெசின் காலமைதானே ஓடினது. நீங்கள் படம் எடுக்கிறது பொழுது பட்ட பிறகு எண்டு இப்பத்தானே சொன்னீங்கள்" என்கிறீர்கள்.

ஓம், ஐயா. அப்படித்தான் சொன்னேன்.

நான் தட்டைத் திறக்கும் நேரத்தில் அந்த மெசின் ஒருநாளும் ஓடியதில்லை. தட்டுகளைக் கெடுத்தது என் கால்கள். தட்டைத் திறந்துவிட்டு என்னால் ஸ்டூலில் இருக்க முடியவில்லை. வேலிக்கு அப்பால் விளக்கு எரியும். கோப்பைச் சத்தம் கேட்கும். அவர் சிரிப்பார், அந்தப் பழைய சிரிப்பு. நான் வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன், மறுபடி போவேன். அந்தக் களஞ்சியம் முழுக்க ஒரே சீமெந்துத் தரை. ரியூப்புகளையும் மீறி என் ஒவ்வொரு எட்டும் மேசைக் கல்லுக்கு ஏறும். முதலாம் வருடப் பொடியனுக்கும் இது விளங்கும். எனக்கும் விளங்கியது. மெசினால்தான் என்று நாள்தோறும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அந்த வீட்டில் இருந்து சிரிக்கக்கூடாது என்பதற்காகத்தான் அவரைக் கிணற்றுக்குள் அனுப்பினேன். இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

அவர் போன பிறகும் சில தட்டுகள் எடுத்தேன். இப்போது வேலிக்கு அப்பால் விளக்கும் இல்லை, சிரிப்பும் இல்லை. மெசினைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் தட்டெல்லாம் சாம்பல்தான். என்னிடம் இருக்கும் நல்ல படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அவர் அந்தச் சாக்கில் இருந்த நாட்களில் எடுத்தவை.

சாட்சிப் பொருளாக என் சாமான்களை இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவரும்போது ரியூப்புகளின் காற்றை இறக்கிவிடச் சொல்ல வேண்டாம். அந்தச் சாக்கையும் மறக்காமல் ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் பின்னறை போதிய இருட்டாகத்தான் இருக்கிறது. உங்கள் பொலிஸ்காரர்களில் ஒருவரை அனுப்பினால் நான் இன்றைக்கே ஒரு நல்ல படம் எடுத்துக் காட்டுவேன். அவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை, ஐயா. என் பக்கத்தில் வந்து ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் போதும்.