முனையில்லாத கயிறு

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"நாலு வருஷமா முடிச்சுதாங்க படிச்சிகினு இருக்கேன்," என்றாள் இளையவள். கணக்கில் பிஎச்.டி. செய்கிறாளாம், கல்லூரியில் பாடமும் எடுக்கிறாளாம். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் காதை முன்னால் நீட்டினேன்.

மற்றவர் தறி நெய்கிறவர். சிரித்துவிட்டார். "நூல் அறுந்தா நானும்தான் தெனம் முடிச்சு போடறேன். எனக்கும் பட்டம் குடுப்பாங்களா?"

அவள் பையிலிருந்து சிக்கலான கயிறு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதன் இரண்டு முனைகளும் ஒன்றாக ஒட்டியிருந்தன. "வெட்டாம இது வெறும் வளையமா பிரியுமா, பிரியாதா? சொல்லுங்க."

"முனையே இல்லியே! இது இன்னா அழுகுணி ஆட்டம்?"

"அதாங்க என் ஆராய்ச்சி. கண்ண மூடிகினு தடவிப் பாருங்க. என் க்ளாஸ்ல எல்லாரும் அப்படித்தான்."

"கண்ண எதுக்கு மூடணும்?"

"ஒரு பொண்ணுக்குக் கண்ணு தெரியாதுங்க. மொதல்ல அவளுக்கு மட்டும் கயிறு குடுத்தேன், மத்தவங்களுக்கு போர்டுல படம். என்ன மட்டும் ஏன் ஒதுக்கறீங்கன்னு சண்டைக்கு வந்துட்டா. அதிலேர்ந்து எல்லாருக்கும் கயிறுதான்."

"யாரு மொதல்ல பிரிச்சது?"

"அவதான். எனக்கே அவதான் சொல்லிக் குடுத்தா."

தறிக்கார அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

பொதட்டூர்பேட்டையில் எல்லோரும் இறங்கத் தொடங்கினோம். "யக்கா, எறங்கலியா?" என்று கண்டக்டர் கத்தினார்.

தறிக்கார அம்மா கயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார், கண்ணைத் திறக்கவில்லை.

"இருப்பா, க்ளாஸ் நடந்துகினு இருக்குது."