ஒன்பதாவது போன்

— ஒன்பது பேருக்கா போன் போட்ட?

— ஒன்பது பேருக்கு. ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல, ஒரு நாளைக்கு ரெண்டு பேரா. நீங்க போட்ட கண்டிஷனுக்குத் தொண்ணூறு பேருக்குப் போட்டாலும் ஆள் சிக்காதுன்னுதான் நெனச்சேன்.

— பெரிய கண்டிஷன்! குடியை நிறுத்துன்னு சொல்லாத கவுன்சலராப் பார்த்துச் சொல்லு, வர்றேன்னேன். அவ்வளவுதானே?

— வரமாட்டேங்கிறதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னீங்க. எனக்குத் தெரியாதா?

— சரி சரி, மேல சொல்லு, அடுத்த மாடி.

— கேளுங்களேன். வயித்து டாக்டர் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தார்ல, மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்னு? அதைப் படிச்ச கவுன்சலராத் தேடுங்கன்னாரே.

— பதினெட்டு வருஷமா லிப்ட் ரிப்பேர் பண்றேன். இனிமே எனக்கு எதுக்கும்மா இன்டர்வியூ?

— அட, கேளுங்களேன். அவங்க அட்வைஸே பண்ண மாட்டாங்களாம். கேள்வி கேட்பாங்களாம். பதிலை நாமளே தேடி எடுக்கணுமாம்.

— அப்ப அவங்க என்ன வேலைதான் பார்ப்பாங்க?

— எனக்கும் அந்தச் சந்தேகம்தான். ஒன்பது பேருமே போர்டுல அந்தப் பேரைப் போட்டிருக்காங்க. வாயைத் திறந்தாத்தானே தெரியும்? அதனால... கோவப்படக் கூடாது.

— என்ன பண்ணித் தொலைச்ச?

— குடிக்கிறது நான்தான்னு சொன்னேன்.

— யாரு, நீயா?

— வீட்டுக்காரர் குடிக்கிறார்னா, ஐயோ பாவம்னு என்கிட்ட உருகுவாங்க. உங்ககிட்ட எப்படிப் பேசுவாங்கன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? குழாய்ல தண்ணி வரலைன்னு நாள் பூரா போன்ல திட்டு வாங்குற வேலைங்க எனக்கு. குரலைக் கேட்டா ஆளைச் சொல்லிடுவேன்.

— இருமல் மருந்துக்கே மூஞ்சியைச் சுளிக்கிறவ! சரி, என்ன சொன்னாங்க?

— முதல் ஆளு, 'பொம்பளையா இருந்துக்கிட்டு'ன்னு ஆரம்பிச்சார். வெச்சுட்டேன். இன்னொருத்தர் ஈரல் எப்படிக் கெட்டுப்போகும்னு பாடமே எடுத்தார். அன்னைக்குச் சாப்பாடே இறங்கல. ஒரு அம்மா, 'பிள்ளைங்க முகத்தை நெனச்சுப் பாருங்க'ன்னு சொல்லிட்டு அவங்களே அழுதுட்டாங்க. நான்தான் சமாதானப்படுத்தினேன்.

— நல்லா வேணும் உனக்கு! அந்த ஒன்பதாவது?

— ஒரு லேடி. அவசரமே படல. 'குடிக்கிறதுல உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?'ன்னாங்க.

— கேட்டாங்களா அப்படி?

— கேட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல நான் உங்களை அதைக் கேட்டதே இல்லையே.

— நீ என்ன சொன்ன?

— வேலை முடிஞ்சு வந்தப்புறமும் காதுக்குள்ள மோட்டார் ஓடிட்டே இருக்கும், ரெண்டு ரவுண்டு போனாத்தான் அடங்கும்னேன்.

— அது... நான் சொன்னதா?

— குடிச்சப்பச் சொல்வீங்க. காலையில மறந்துடுவீங்க. நான் மறக்கிறதில்ல.

— ம். அடுத்த மாடி.

— 'நிறுத்தணும்ங்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?'ன்னு கேட்டாங்க. உங்களுக்காக யோசிச்சு, நாலுன்னேன்.

— நாலா!

— அதுவே அதிகமோன்னு பயந்துட்டேதான் சொன்னேன். ஏன் இவ்வளவு கம்மின்னு பிடிச்சுக்குவாங்கன்னு பார்த்தா, 'ஏன் நாலு? ஒண்ணுன்னு ஏன் சொல்லல?'ன்னாங்க.

— வில்லங்கமான கேள்வியா இருக்கே.

— ஆமாங்க. அப்புறம் சொல்லிட்டேன். காலையில டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சாத்தான் டீ குடிக்க முடியுது, அதனாலன்னு.

— நீ பார்த்தியா?

— ரெண்டு மாசமா. நீங்க முதுகைக் காட்டிட்டு ஜன்னல் பக்கம் நின்னுக்குவீங்க. நான் அடுப்பைப் பார்த்துட்டு நின்னுக்குவேன்.

— அதுக்கு அவங்க?

— 'உள்ளுக்குள்ள பயந்துட்டே இருக்கீங்க'ன்னாங்க. அவ்வளவுதான். எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. உங்களுக்காக அழுதேனா எனக்காக அழுதேனான்னு தெரியல. கடைசியா, 'நாலு அஞ்சாகணும்னா என்ன நடக்கணும்?'னு கேட்டாங்க. அதுக்கு மட்டும் எனக்குப் பதில் வரலீங்க. வியாழக்கிழமை நேர்ல வந்து சொல்றேன்னுட்டேன். என் பேர்லதான் எழுதி வெச்சிருக்காங்க. நீங்க வரலைன்னா சொல்லிடுங்க, போன் போட்டு மன்னிப்புக் கேட்டுடறேன்.

— போன வாரம் பெரிய ஸ்பேனர் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேன்ல?

— ஆமா. புதுசு வாங்கினீங்களே.

— தொலையல. லிப்ட் மேல நின்னு போல்ட்டை முடுக்கிட்டிருந்தேன். கை நழுவி, ஓரத்து இடுக்கு வழியா விழுந்துடுச்சு. ஆறு மாடி. கீழ லிப்ட் குழியில என் ஜோடி ஆளு வேலை பார்த்துட்டிருந்தான். அப்பத்தான் துடைக்கத் துணி எடுக்க வெளிய வந்திருக்கான்.

— கடவுளே!

— அவன் குனிஞ்சிருந்த இடத்துலதான் கிடந்துச்சு. 'மேல என்னடா தூக்கமா?'ன்னு சிரிச்சான். என்னால அந்த ஸ்பேனரைத் தொட முடியல. அங்கேயே போட்டுட்டு வந்துட்டேன்.

— என்கிட்டக்கூடச் சொல்லலையேங்க.

— சொன்னா நீ என்ன சொல்லுவேன்னு தெரியுமே. 'நிறுத்துங்க'ன்னுவ.

— இப்பச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அந்த லேடிகிட்ட என்ன சொல்லட்டும்?

— என் பேருக்கு மாத்தி எழுதச் சொல்லு. அந்த நாலை அடிச்சுட்டு எட்டுன்னு போடச் சொல்லு.