மணிக்கட்டுக்கு ரெண்டு சிலிண்டர்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போன பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவரின் வலது மணிக்கட்டில் நீளமான தையல் தழும்பு. அவர்தான் சொன்னார்:

“ரெண்டு சிலிண்டர் பைக்தான் மச்சான் என்ட கைக்கு மருந்து.”

மற்றவர் சிரித்தார். “ஒத்தச் சிலிண்டருக்கு என்ன குறை? மெதுவாப் போனாலும் நல்லா இழுக்கும். பெற்றோலும் குறையத்தான் குடிக்கும். சாமானும் எந்தக் கடையிலயும் கிடைக்கும்.”

“எல்லாம் சரிதான். ஆனா கை உடைஞ்சு பிளேட் வெச்சதுக்குப் பிறகு, என்ட ஒத்தச் சிலிண்டர் பைக்கிட அதிர்வுக்கு விரலெல்லாம் விறைச்சிப் போகுது. பைக்க வித்துப்போட்டு ஆட்டோ எடுங்க எண்டு வூட்டில ஒரே கதை.”

“அப்ப ரெண்டு சிலிண்டர் அதிராதா?”

“அதிரும், ஆனா மெல்லிசா. நேத்து மச்சினன்ட பைக்கில மருதமுனையில இருந்து திருக்கோவில் மட்டும் ஓடினன். இறங்கின உடனே சேட்டுப் பொத்தான நானே போட்டன். அல்ஹம்துலில்லாஹ், ஒரு விரலும் விறைக்கல்ல.”

மற்றவர் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“ஓம், நீ அதையே எடு. உன்ட பழையத மட்டும் வேற ஆருக்கும் குடுத்திராத. நானே எடுக்கிறன்.”