நத்தைக்குச் சாவி

— சாவியை யாருக்குக் கொடுக்கணும்ங்கற?

— நத்தைக்குத்தான் அக்கா. வெப்சைட்டுக்காக நாம எழுதி வெச்சிருக்கற கோட் லைப்ரரிக்கு எட்டு மாசமாப் பதினாலு மாற்றம் அனுப்பியிருக்கு. ஒண்ணுகூட வீணில்ல. இனிமே வெளியிடற உரிமையும் அதுக்கே இருக்கட்டும்.

— நத்தைன்னா ஆணா பெண்ணா, எங்க இருக்கு, என்ன வேலை பார்க்குது, ஏதாவது தெரியுமா உனக்கு?

— நெட்ல யாருக்கு யாரைத் தெரியும்? அந்தப் பேர்ல எழுதுது. அவ்வளவுதான்.

— முதல்ல கதவைச் சாத்திட்டு உக்காரு. கீழ பல் டாக்டரோட மெஷின் சத்தத்துல நீ பேசறது பாதி காதுல விழல. அந்த நாற்காலி வேண்டாம், சக்கரம் கழண்டிருக்கு. ஹூம், இப்பச் சொல்லு. முகம் தெரியாத ஒருத்தர் எட்டு மாசம் நமக்காகச் சும்மா உழைப்பாங்களாடா?

— தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க.

— நான் பல்லைத்தான் முதல்ல பார்ப்பேன். நல்ல பிள்ளையா வந்து, சாவி கைக்கு வந்ததும் உள்ள விஷத்தை வெச்சுட்டுப் போறவங்க இருக்காங்க. நம்ம பட்டனும் பெட்டியும் நாப்பது கம்பெனி வெப்சைட்ல ஓடுது. தெரியுமில்ல?

— தெரியும்.

— அந்த ஆஸ்பத்திரிக்கும் தெரியும்.

— அக்கா, அதை இன்னும் எத்தனை தடவை...

— பட்டனைச் சிவப்பாக்கற 'டேஞ்சர்'ங்கற ஸ்டைலோட பேரை நீ மாத்தின. டெஸ்ட் ஓட்டாம வெளியிட்ட. அவங்க வெப்சைட்ல பழைய பேரே கிடந்துது. அப்படி ஒரு பேரே இல்லன்னு ஜாவாஸ்கிரிப்ட் வாயே திறக்கல. சிவப்பா வர வேண்டிய 'ரத்து' பட்டன் பச்சையா வந்துது. மூணு மணி நேரம் ஜனங்க உறுதி பண்றதா நினைச்சு அப்பாயின்ட்மென்ட்டை ரத்து பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

— அன்னிக்கு என் சாவியைப் பிடுங்கின. நான் ஏன்னு கேக்கல. வெளிய இருந்து வர்ற மாற்றத்தைப் படிச்சுச் சேர்க்கற வேலையை மட்டும் விட்டுவெச்ச. அதைச் செய்யறேன். ஆனா அதே தப்பு இனிமே நடக்காமப் பண்ணினது யாரு? நத்தை. முன்னெல்லாம் எந்த ஸ்டைல் பேர் உண்டு, எது கிடையாதுன்னு ஒவ்வொருத்தரும் கையால ஒரு பட்டியல், அதான் டைப், எழுதி வைக்கணும். இப்ப பட்டனை எழுதினாப் போதும், அதைப் பார்த்து டைப்பை அதுவே ஊகிச்சுக்குது. இல்லாத பேரைப் போட்டா அந்த நிமிஷமே அடியில சிவப்புக் கோடு.

— பதினாலையும் படிச்சுட்டுத்தான் சேர்த்தியா?

— வரி வரியா.

— பதினோராவதையும்?

— அதையும்.

— ஒரு பட்டனுக்கு மேல இன்னொரு பட்டனைச் சுத்தினா என்ன ஆகும்?

— உள்ள இருக்கற பேர், வெளிய இருக்கற பேர், ரெண்டையும் சேர்த்து ஊகிக்கும்.

— ஊகிக்க முடியலன்னா?

— ஏன்க்கா வக்கீல் மாதிரி குடையற?

— முடியலன்னா, 'எதை வேணாலும் போட்டுக்கோ'ன்னு விட்டுடும்டா. பதினோராவதுல அப்படி ஒரு வரி இருக்கு. கோடும் வராது, சத்தமும் வராது. திரும்ப அதே ஆஸ்பத்திரிக் கதைதான். வரி வரியாப் படிச்ச மகராசன் கண்ணுல அது படல.

— நத்தை அனுப்பினதை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கலன்னு நீதானே போன வாரம் சொன்ன? அந்த வரி உனக்கு எப்படித் தெரியும்?

— எழுதினவளுக்குத் தெரியாதா?

— சொல்லு.

— என்னத்தச் சொல்ல? நத்தை நான்தான். என் பேர்ல அனுப்பினா, அக்கா எழுதினது சரியாத்தான் இருக்கும்னு தலையாட்டுவ. முன்னப்பின்ன தெரியாதவங்க எழுதினதையாவது படிக்கிறியான்னு பார்த்தேன். வேணும்னே சோத்துல ஒரு கல்லைப் போட்டேன். மென்னு முழுங்கிட்டு, சாவியும் கொடுங்கன்னு வந்து நிக்கற. நல்லவேளை, அதுக்கப்புறம் நான் எதையும் வெளியிடல.

— அந்தக் கல்லை எனக்குக் காட்டு.

— எதுக்கு?

— காட்டேன். உன் லேப்டாப்லயே. கடைசியாச் சேர்த்தது வரைக்கும் இறக்கிக்கோ. பட்டன் மேல பட்டனைச் சுத்தி, இல்லாத பேர் ஒண்ணைப் போடு.

— இரு. இறங்கிடுச்சு. இந்தா, சுத்தியாச்சு. பேருக்கு என்ன, 'கத்திரிக்கா'ன்னு போடறேன். இப்பப் பாரு, கோடே வரா...

— வருதா?

— வருதே.

— வரும்.

— எப்படிடா?

— பதினோராவதைச் சேர்த்த அன்னிக்குச் சாயங்காலமே அந்த வரியை எடுத்துட்டேன். என் பேர்லதான் கிடக்கு, பாரு. 'டெஸ்ட் சேர்த்தது'ன்னு தலைப்பு.

— வெறும் டெஸ்ட்தானேன்னு நான் அதைத் திறக்கல.

— நான் படிக்கிறேனான்னு பார்க்க எட்டு மாசம் மெனக்கெட்ட. நான் எழுதினதை மட்டும் நீ படிக்கல.

— ஒத்துக்கறேன். ஆனா தப்புன்னு தெரிஞ்சதும் திருப்பி அனுப்பியிருக்கலாமில்ல? நத்தைக்கே எழுதியிருக்கலாமில்ல?

— எழுதியிருந்தா, பரீட்சை முடிஞ்சுதுன்னு நீ அந்தப் பேரையே மூடிட்டுப் போயிருப்ப.

— அப்போ நான்தான்னு உனக்கு முன்னாடியே...

— மூணாவது மாற்றத்துலயே தெரியும், அது அந்தப் பழைய ஓட்டையை அடைச்சுதே. பட்டனைச் சுத்தற இடத்துல டைப் ஏன் தொலையுதுன்னு உன்னையும் என்னையும் விட்டா யாருக்குத் தெரியும்? முதமுதல்ல லைப்ரரியை எழுதறப்ப அந்த ஓட்டையை வெச்சதே நாம ரெண்டு பேரும்தானே.

— பின்ன எதுக்கு இன்னிக்குச் சாவி கேட்டு வந்த?

— வேற எதைக் கேட்டாலும் நத்தை நான்தான்னு நீ வாயைத் திறந்திருக்க மாட்ட.

— இத்தனை மாசம் தெரிஞ்சும் தெரியாத மாதிரியே இருந்திருக்க. என்கிட்டச் சொல்லணும்னு ஒரு நாள்கூடத் தோணலையாடா உனக்கு?

— ஒவ்வொரு மாற்றத்துக்கு அடியிலயும் நத்தை எனக்கு ரெண்டு வரி எழுதும்க்கா. ஒரு நாள், 'சாப்டீங்களா'ன்னு கேட்டிருந்துச்சு. அந்த ஆஸ்பத்திரி விஷயத்துக்கு அப்புறம் நீ என்னை அப்படி ஒரு வார்த்தை கேக்கல.