பொட்டு வைத்த சர்வரின் ஒயர்

தலைமை தாங்கும் இளைஞர் மன்றத் தலைவர் ஜம்புலிங்கம் ஐயா அவர்களே, மலைப்படியில் முட்டி தேய்ந்தும் முன்வரிசைக்கு முந்தி வந்த பெரியோர்களே, தாய்மார்களே, பேச்சு முடிந்தால் பொங்கல் என்று பொறுத்திருக்கும் பாலிடெக்னிக் தோழர்களே, வணங்குகிறேன்.

விளையாட்டுக்கு உங்கள் செருப்பை ஒளித்து வைக்கிற பெண்தானே என்று சிரிக்கிறீர்கள். இன்று ஒளிக்க வரவில்லை. ஒளித்து வைத்ததை வெளியே எடுக்க வந்தேன்.

பாராட்டு விழா என்கிறார்கள். எதைப் பாராட்ட?

நம் மலைக்கோயில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காணாமல் போவோரைத் தேட நம் மன்றம் இணையதளம் அமைத்தது. விவரங்களைச் சேமிக்கும் சர்வர் ஒன்று இங்கே, இன்னொன்று பள்ளிப்பட்டில். ஒன்று விழுந்தால், பாதி எழுதியதை மற்றது ஏந்த வேண்டும். ஏந்துமா என்றறிய, ஓடும்போதே ஒயரைப் பிடுங்கப் போனார், தளத்தை அமைத்த எழிலன் அண்ணன். தடுத்தார் தலைவர்.

"பூஜை போட்டுப் பொட்டு வச்ச மெஷினுப்பா. ஓடிகினு இருக்கறப்போ புடுங்குவியா? அபசகுனம். முறையா நிறுத்து."

முறையாக நிறுத்தினோம். முறையாக நிறுத்தினால், அது எழுதியதையெல்லாம் அடுத்ததிடம் ஒப்படைத்துவிட்டுத்தானே உறங்கும்? சோதனை வென்றது என்று கைதட்டினோம். சாவு சொல்லிக்கொண்டா வரும்?

கிருத்திகையன்று மின்சாரம் போனது, பேட்டரியும் கைவிட்டது. ஒப்படைக்க நேரமின்றி இங்கிருந்த சர்வர் செத்தது. அந்நேரம் ஆர்.கே.பேட்டை கல்பனா அக்கா, கூட்டத்தில் தவறிப்போன, சர்க்கரை நோயுள்ள தன் தந்தை தங்கவேலின் விவரத்தை எழுதிக்கொண்டிருந்தார். பக்கம் வெறுமையானது.

"ஏறிச்சா தம்பி?"

"ஆங், ஏறியிருக்கும்க்கா. நம்பளது ரெண்டு சர்வரு. போவாது."

நம் தொண்டன் நம் சோதனையை நம்பினான். அக்கா தொண்டனை நம்பினார். யாருக்கும் தகவல் போகவில்லை, யாரும் தேடவில்லை. மாலையில், பேருந்துகளுக்கு நடுவே தங்கவேல் பிணமாகக் கிடந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது.

என்ன தலைவரே? "முடிஞ்சி போச்சி, வுடும்மா"வா? மலைப்படிகளுக்குப் பூஜை செய்யும் படித் திருவிழா வருகிறதே. அதே கூட்டம், அதே சர்வர், அதே பொட்டு.

இதோ, கல்பனா அக்கா இந்த மேடையில் அதே விவரத்தை எழுதுகிறார். தலைவரே, உங்கள் கையால் ஒயரைப் பிடுங்குங்கள்.

பிடுங்கிவிட்டார். திரையைப் பாருங்கள். வெறும் பக்கம். கிருத்திகைக்குப் பின் எழிலன் அண்ணன் சரிசெய்திருந்தும் வெறும் பக்கம். ஆனால் இன்று யாரும் சாகவில்லை. இதற்குப் பெயர்தான் சோதனை.

அக்கா ஏதோ சொல்கிறார். மைக்கை அங்கே கொடுங்கள்.

"நா மறுபடி எழுதறேன். சரிபண்ணிட்டு நீங்க மறுபடி புடுங்குங்க. எங்க நைனா பேரு நிக்கற வரிக்கும் நா எழுந்திரிக்க மாட்டேன்."

கேட்டீர்களா? பாராட்டுக் கேடயங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். ஒயரைத் தொட்ட தலைவருக்கு நன்றி. உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு என் வணக்கம்.